புளியங்குச்சியில் இரண்டு கீறல்

மாரண்டஹள்ளியிலிருந்து பஞ்சப்பள்ளி போகும் சாலையோரம் நான்கு ஏக்கர் செம்மண் மேட்டு நிலமும் ஒரு கிணறும் வைத்திருக்கிறார் அந்த விவசாயி. வயது அறுபத்தெட்டு. அவருடைய பழைய 35 குதிரைத்திறன் டிராக்டர், இரண்டே வருடத்தில் மூன்று கிளட்ச் பிளேட்டைத் தின்றுவிட்டது. அது எந்தக் கம்பெனி வண்டி என்பதை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிப்பவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். விஷயம் கம்பெனியைப் பற்றியது அல்ல, கிளட்ச் பெடலைப் பற்றியது.

மூத்த மகன் பிறந்த வருடம் செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டி அது. சொந்த நிலத்தில் ராகிக்கும் நிலக்கடலைக்கும் உழுவது போக, அக்கம்பக்கத்துக்கு வாடகை உழவு. சீசனில் பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளிப் பெட்டி ஏற்றிப்போகும். மகன் படித்ததும், மகளுக்குக் கல்யாணம் நடந்ததும் அந்த வண்டியின் சம்பாத்தியத்தில்தான். இப்போது மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். வண்டி ஓட்டுவது பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன். பெரியவருக்கு முழங்கால் வலி வந்த பிறகு கிளட்ச் மிதிப்பது சிரமம்.

கிளட்ச் பிளேட் போனால் பிளேட்டின் விலை மட்டும் செலவு என்று நினைப்பவர்கள் டிராக்டர் வைத்திருக்காதவர்கள். காரில் கியர்பாக்ஸை இறக்குகிற மாதிரி இங்கே செய்ய முடியாது. எஞ்சின் ஒரு பக்கம், கியர்பாக்ஸ் ஒரு பக்கமாக வண்டியையே நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். முன்பாதிக்கு மரக்கட்டை முட்டு, பின்பாதிக்கு ஜாக்கி, ஹைட்ராலிக் குழாய், ஒயர், ஸ்டியரிங் இணைப்பு எல்லாவற்றையும் கழற்றி, திரும்பப் பூட்ட வேண்டும். பட்டறையில் ஆள் கிடைத்தால் இரண்டு நாள், கிடைக்காவிட்டால் ஒரு வாரம். மூன்றாவது பிளேட் போனது ஆடி மாதம், அதுவும் மழை பெய்த மறுநாள்.

அந்தப் பக்கத்துச் செம்மண் மழையைக் குடிக்கவும் வேகம், காயவும் வேகம். கடலை விதைக்க ஈரம் நிற்பது மூன்று நான்கு நாள். அந்த நான்கு நாளும் வண்டி பட்டறையில் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. உழவுக்குச் சொல்லிவைத்திருந்த ஆறு பேரும் வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சொந்த நிலத்துக்கே கடன் சொல்லி அடுத்தவர் வண்டியை விட வேண்டியதாயிற்று. போன வாடகையைவிட, வாடிக்கை போனதுதான் பெரியவரை வாட்டியது. ஒரு வருடம் வேறு வண்டிக்குப் போனவர் மறுவருடம் தானாகத் திரும்பி வருவது அபூர்வம்.

"வித்துடலாம்ப்பா. இரும்பு விலைக்காவது போகும். இனிமே அதுக்குச் செலவு பண்ணாதீங்க" என்றார் மகன். பெரியவர் பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாவிட்டால் சம்மதமில்லை என்று அர்த்தம். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் கிளட்ச் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. எஞ்சினின் பின்னால் ஃப்ளைவீல் சுற்றுகிறது. அதன் முகத்தோடு கிளட்ச் பிளேட்டை ஒட்டவைத்து, பலமான ஸ்பிரிங்குகளின் விசையால் பிரஷர் பிளேட் அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடியில்தான் எஞ்சினின் பலம் கியர்பாக்ஸுக்குப் போகிறது. நாம் பெடலை மிதித்தால் ஒரு பேரிங் முன்னால் நகர்ந்து, பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தி, பிடியைத் தளர்த்துகிறது. காலை எடுத்தால் பேரிங் பின்னால் வந்து, விரல்களைத் தொடாமல் சும்மா நிற்க வேண்டும். அப்படித் தொடாமல் நிற்கும் சிறு இடைவெளிதான் பெடலில் ஒரு வெற்று ஆட்டமாகக் காலுக்குத் தெரிகிறது. பட்டறைக்காரர்கள் இதை 'பிளே' என்பார்கள். பல டிராக்டர்களின் கையேட்டில் இது 20 முதல் 40 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கு அதன் கையேட்டில் உள்ளதுதான் அளவு.

பிளே இல்லாவிட்டால் என்ன ஆகும்? யாரும் மிதிக்காமலேயே கிளட்ச் பாதி மிதித்த நிலையில் இருக்கும். பிடி குறையும். பாரம் ஏறும்போது பிளேட் வழுக்கும். எஞ்சின் இரையும், வண்டி நகராது, கருகல் வாசனை வரும். மண்ணைப் புரட்ட வேண்டிய பலம் பிளேட்டைச் சுட்டுக்கொண்டிருக்கும். பிளே அதிகமானால் நேர் எதிர்: முழுதாக மிதித்தாலும் பிடி விடாது. கியர் கடகடவென்று கத்தும். இந்த இரண்டாவது வகைதான் ஆளைக் கொல்லக்கூடியது. அது பின்னால் வருகிறது.

இன்னொன்றும் உண்டு. பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட் ஃப்ளைவீலை நோக்கி உள்ளே போகும், அதன் விரல்கள் பேரிங்கை நோக்கி வெளியே வரும். அதாவது பிளேட் தேய்ந்தால் பிளே கூடாது, குறையும். பிரேக் பழக்கத்தில் பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புதுப் பிளேட் போட்ட முதல் சில நாட்களில் அதன் மேல்முகம் படிந்து கொஞ்சம் வேகமாகவே தேயும். அதனால் பட்டறையிலிருந்து வந்த வாரத்திலேயே பிளேயை மறுபடி பார்க்க வேண்டும். பெரியவரின் வண்டியில் மூன்று தடவையும் இது நடக்கவில்லை.

நடந்தது வேறு. வண்டியில் பெடல் இணைப்பின் பின்களும் புஷ்ஷும் தேய்ந்து, துளைகள் முட்டை வடிவமாகிவிட்டிருந்தன. அதனால் ஆட்டம் கூடி கியர் கத்தியது. டிரைவர் பையன் அதைச் சொன்னதும், பட்டறையில் பின்னை மாற்றாமல் இணைப்பு ராடைத் திருகி ஆட்டம் முழுவதையும் எடுத்துவிட்டார்கள். பெடலைத் தொட்டதும் கிளட்ச் வேலை செய்தது. பையனுக்கு சந்தோஷம். இரண்டு வாரத்தில் புதுப் பிளேட் படிந்து, பேரிங் விரல்கள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. போதாக்குறைக்கு அந்தப் பையன் எப்போதும் இடது காலைப் பெடல் மேலேயே வைத்திருப்பான்.

மூன்றாவது பிளேட் போட்டு இரண்டு வாரம் கழித்து மகன் ஊருக்கு வந்தார். ஓசூரில் கூட வேலை செய்யும் ஒருவர் "பெடல்ல பிளே வேணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். எவ்வளவு என்று சொல்லவில்லை. மகன் ஸ்பேனரை எடுத்து, லாக் நட்டைத் தளர்த்தி, ராடைப் பல சுற்று திருப்பினார். பெடல் மூன்று அங்குலத்துக்கு மேல் சும்மா போய் வந்தது. இனி பிளேட் தேயாது என்று நினைத்தார். தேயாது என்பது உண்மைதான்.

அன்று சாயங்காலம் தக்காளிப் பெட்டி ஏற்ற டிரெய்லர் மாட்ட வேண்டியிருந்தது. மகன் ரிவர்ஸில் வண்டியைக் கொண்டுவந்தார். பெரியவர் பின்னால் நின்று டிரெய்லரின் மூக்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையில் பின்னை வைத்துக்கொண்டு, "போதும், நிறுத்து" என்றார். மகன் கிளட்சை அடிவரை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. வேகமாகவும் வரவில்லை, மாடு பின்வாங்குவதுபோல மெதுவாக நகர்ந்து வந்தது. அந்த மெதுதான் மோசம், என்ன நடக்கிறது என்று மூளைக்கு எட்டுவதற்குள் வண்டி வந்துவிடுகிறது. பெரியவர் பக்கவாட்டில் விழுந்தார். டிரெய்லரின் மூக்கு கையை விட்டு இறங்கி, கணுக்காலுக்கு மேலே தோலைச் சீவியது. மகன் பிரேக்கை மிதித்து எஞ்சினை நிறுத்தியபோது, டிராக்டரின் பின்பக்கத்துக்கும் டிரெய்லருக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருந்தது.

ஆஸ்பத்திரியில் நான்கு தையல். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பாவும் மகனும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது பெரியவர் சொன்னது ஒன்றுதான்: "வண்டி மேல தப்பில்லப்பா."

டிரெய்லரோ கலப்பையோ மாட்டும்போது கிளட்சை மட்டும் நம்பி வண்டியைக் கியரில் வைத்திருக்கவே கூடாது. ஆள் நடுவில் போவதற்கு முன் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், முடிந்தால் எஞ்சினையும் நிறுத்துங்கள். சரியாக வைத்த கிளட்சாக இருந்தாலும் இதுவேதான். அன்று கிளட்ச் சரியாக இருந்திருந்தால்கூட, பெரியவர் நின்ற இடம் நிற்கக்கூடாத இடம்.

மறுநாள் மகன் லீவு போட்டார். இருவரும் ஒரு பழைய மேஸ்திரியைப் பார்க்கப் போனார்கள். மாரண்டஹள்ளி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் தகரக் கொட்டகை. எழுபதைத் தாண்டியவர், பட்டறையை மூடி வெகுநாள் ஆகிறது. கொட்டகையில் இப்போது அவருடைய சொந்த ஜீப் மட்டும்தான். ஒரு காலத்தில் பி.டி.ஓ. ஆபீஸ்களுக்கு முன்னால் நின்ற வகை, அமெரிக்க வில்லீஸ் ஜீப்பின் வார்ப்பில் மகிந்திரா செய்த வண்டி. அரசு ஏலத்தில் எடுத்தது. வயது ஐம்பதுக்கு மேல். பெங்களூரிலிருந்து ஆட்கள் வந்து விலை கேட்டுவிட்டுப் போகிறார்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது வருடம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்கும் வண்டியைப் பழம்பெரும் வாகனமாகத் தனியே பதிவு செய்துகொள்ளலாம். நம்பரில் 'விஏ' என்று வரும். ஆனால் வழக்கமான ஓட்டத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. "அப்ப நான் சந்தைக்கு எதுல போறது?" என்று மேஸ்திரி அதை விட்டுவிட்டார். பதினைந்து வருடம் முடிந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது என்று 2023 ஏப்ரலிலிருந்து விதி வந்துவிட்டதால், இனி அவர் மாதிரி ஏலத்தில் எடுத்து ஓட்ட யாருக்கும் ஜீப் கிடைக்காது. உடைக்கும் இடத்துக்குத்தான் போகும்.

மேஸ்திரி டிராக்டரைப் பார்ப்பதற்கு முன் மகனை ஜீப்பில் ஏற்றி உட்காரவைத்தார். "காலால பாக்காத. கீழ எறங்கி, கையால பெடலை அமுக்கு" என்றார். காலுக்கு பலம் அதிகம், அதற்கு இந்தச் சின்ன வித்தியாசம் தெரியாது. இரண்டு விரலால் அமுக்கினால் பெடல் முதலில் லேசாகப் போகும், பிறகு ஓர் இடத்தில் கனக்கும். மேலே நின்ற இடத்துக்கும் கனத்த இடத்துக்கும் நடுவே உள்ளதுதான் பிளே. ஜீப்பில் அது கிட்டத்தட்ட ஒரு அங்குலம் இருந்தது. மகன் நாலைந்து முறை அமுக்கிப் பார்த்தார். "தெரியுதா?" "தெரியுதுங்க பெரியப்பா."

காரிலிருந்து டிராக்டருக்குப் பாடம் வருவதில் ஆச்சரியமில்லை. இரண்டும் அண்ணன் தம்பிதான். இன்று நாம் கலப்பையை மூன்று புள்ளியில் மாட்டித் தூக்குகிறோமே, அந்த ஏற்பாட்டைப் பரப்பிய ஹாரி பெர்குசனின் டிஇ20 டிராக்டர், 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரியில் ஸ்டாண்டர்ட் மோட்டார் என்ற கார் கம்பெனியில்தான் தயாரானது. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதில் வைத்த ஸ்டாண்டர்ட் எஞ்சின், அதே கம்பெனியின் வான்கார்டு கார் எஞ்சினின் குடும்பம். அந்த வான்கார்டு காரைப் பிற்பாடு நம் சென்னையிலேயே பூட்டி விற்றார்கள். டிஇ20-ல் ஒரே கிளட்ச். மிதித்தால் சக்கரம், பி.டி.ஓ. தண்டு, ஹைட்ராலிக் எல்லாம் நிற்கும். பின்னால் வந்த டிராக்டர்களில் இரட்டைக் கிளட்ச் வந்தது. பாதி மிதித்தால் வண்டி நிற்கும், முழுதும் மிதித்தால்தான் பி.டி.ஓ.வும் நிற்கும். (ஆபீஸ் பி.டி.ஓ. வேறு, இது வேறு.)

இரட்டைக் கிளட்ச் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளே அதிகமாகிவிட்டால் முதலில் கெடுவது அந்த இரண்டாம் கட்டம்தான். வண்டி நின்றுவிடும், ரோட்டவேட்டர் நிற்காது. டிரைவர் கிளட்சை மிதித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் கத்தியில் சுற்றிய கொடியைப் பிடுங்கப் போவது நம் ஊர்களில் தினமும் நடக்கிறது. லீவரால் பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுக்காமல் யாரும் பின்னால் போகக்கூடாது.

பெரியவரின் வண்டிக்கு மேஸ்திரி வந்தார். எஞ்சின் ஆறியிருந்தது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்கச் சொன்னார். மகனைப் பெடலைக் கையால் அமுக்கவிட்டு, தான் கீழே குனிந்து இணைப்பைப் பார்த்தார். பெடல் நகர்கிறது, ராடு நகரவில்லை. இன்னும் கொஞ்சம் போன பிறகுதான் ராடு அசைந்தது. "பாத்தியா, இது பிளே இல்ல, தேய்மானம்." பெடலைப் பக்கவாட்டில் ஆட்டினார், புஷ் தேய்ந்து பல்போல ஆடியது. தேய்ந்த பின்னோடு எந்த அளவு வைத்தாலும் நிற்காது, பத்து நாளில் மாறிவிடும் என்றார். அன்று மாலைக்குள் புதுப் பின், புது புஷ் வந்தன. மூன்று பிளேட்டுக்கும் பட்டறைக் கூலிக்கும் செலவான பணத்தோடு ஒப்பிட்டால் இதன் விலையைச் சொல்லவே கூச்சமாக இருக்கும்.

பிறகு அளவு வைத்தார். லாக் நட்டைத் தளர்த்தினார். திருப்பினார், பூட்டினார், கையால் அமுக்கிப் பார்த்தார். திரும்பத் தளர்த்தினார். ஒரு தடவைக்கு அரைச் சுற்றுதான். மகன் பொறுமையிழந்து, "நான் பண்ணட்டுமா?" என்றார். "நீ பண்ணதுதான் உங்கப்பன் கால்ல இருக்குதே" என்றார் மேஸ்திரி. பெரியவர்தான் முதலில் சிரித்தார். சில வண்டிகளில் அளவு வைப்பது ராடு முனையில் இருக்கும், சிலவற்றில் பெடல் ஷாஃப்ட்டின் போல்ட்டில் இருக்கும்; எந்தப் பக்கம் திருப்பினால் கூடும், குறையும் என்பதும் வண்டிக்கு வண்டி மாறும். அதனால் திருப்புவதற்கு முன் இருக்கும் நிலையைச் சாக்பீஸால் குறித்துக்கொள்வது நல்லது. பின்னில் போடும் கொண்டை ஊசியைப் பழையதையே நிமிர்த்திப் போடாமல் புதிதாகப் போட வேண்டும்.

அளவு வைத்து முடித்ததும் பெடல் ஷாஃப்ட்டின் கிரீஸ் நிப்பிளைத் துணியால் துடைத்து, கிரீஸ் அடித்தார். உள்ளிருந்து கறுப்பாக, கெட்டியாக வந்தது. எத்தனை வருடத்துப் பழையதோ. பெரியவரை ஏறி மிதித்துப் பார்க்கச் சொன்னார். அவர் மிதித்துவிட்டு மேஸ்திரியைப் பார்த்தார். முழங்காலுக்குக் கனமாக இருந்ததெல்லாம் ஸ்பிரிங் இல்லை, காய்ந்த புஷ். இரண்டு வருடமாக இந்த வண்டியைத் தன்னால் ஓட்ட முடியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் பையனின் பழக்கத்துக்கு வந்தார்கள். பெரியவர் ஏற்கெனவே பத்துத் தடவை திட்டியிருக்கிறார், பலனில்லை. மேஸ்திரி திட்டவில்லை. பையனை சீட்டில் உட்காரச் சொல்லி, எதிரே நின்று பார்த்தார். இடது பக்கம் கால் வைக்கும் தகடு பாதி உடைந்து தொங்கியது. பையனுக்குக் கால் வைக்க வேறு இடமே இல்லை. அதை வெல்டிங் செய்து, மேலே பழைய டயர் ரப்பரை அடித்த பிறகு பெடல் மேல் கால் போவது நின்றது.

கிளட்சைப் பிரிக்க நேர்ந்தால் உள்ளே சேர்ந்திருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளின் முகத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அந்தத் தூள் நுரையீரலுக்குப் போனால் திரும்ப வராது. ஈரத் துணியால் துடைத்து, துணியை அப்படியே சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். மேஸ்திரி இளமையில் வாயாலேயே ஊதியவர். இப்போது நான்கு படி ஏறினால் நிற்கிறார். அதற்கு இதுதான் காரணமா, பீடியா என்று அவருக்கே தெரியாது.

கிளம்பும்போது வேலியோரப் புளியமரத்தில் ஒரு குச்சி ஒடித்தார் மேஸ்திரி. கால் தகட்டின் மேல் அதைப் பெடலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பெடல் சும்மா நிற்கும் உயரத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டார். கையால் அமுக்கி, கனக்கும் இடத்தில் இன்னொரு கீறல். நடுவே ஒரு அங்குலம் சொச்சம். "வாரத்துக்கு ஒருக்கா நிறுத்திப் பாருங்க. ரெண்டு கீறலுக்கும் நடுவுல எடம் கொறைஞ்சா எனக்குச் சொல்லி அனுப்புங்க. நீங்களா திருகாதீங்க." கடைசி வாக்கியம் மகனைப் பார்த்துச் சொன்னது.

குச்சி டூல் பாக்ஸில் கிடக்கிறது. அடுத்த ஆடிக்கு உழவு கேட்டு இரண்டு பேர் திரும்பி வந்தார்கள், நான்கு பேர் வரவில்லை. நடுவில் ஒரு முறை பிளே அரை அங்குலமாகக் குறைந்திருந்தது. வண்டியைப் பிரிக்காமல் பத்து நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தார் மேஸ்திரி. வண்டியை விற்பது பற்றி மகன் பேசி ஒரு வருடமாகிறது. வெள்ளிக்கிழமை ராத்திரி ஓசூரிலிருந்து போன் வந்தால், சாப்பிட்டீங்களா என்பதற்கு அடுத்த கேள்வி, "குச்சி வெச்சுப் பாத்தீங்களாப்பா?"